கை தெரியிற போன்

ஒன்பதாவது தளத்தின் விளிம்பில் நின்று, கம்பிக் கட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லி வலது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, சிக்னல்காரனின் சட்டைப் பையிலிருந்து போன் நழுவி வெளியே போய்விட்டது. நெஞ்சில் ஒரு கனம் குறைந்ததைத்தான் முதலில் உணர்ந்தான். விழுந்தது என்ன என்று அந்தக் கணமே தெரிந்தது. ஆனாலும் குனிந்து பார்க்கவில்லை. தலைக்கு மேலே ஒரு டன்னுக்குக் குறையாத கம்பி அந்தரத்தில் தொங்குகிறது. அதற்கும் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் கிரேன்காரர் இவன் கையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறார். கண்ணை எடுத்தால் கை தடுமாறும். கை தடுமாறினால் எவன் தலையாவது நசுங்கும். கட்டைத் திருப்பி, மெல்ல இறக்கி, கொக்கியைக் கழற்றவிட்டு, கையை நீட்டி நிறுத்து என்று காட்டிய பிறகுதான் எட்டிப் பார்த்தான். கீழே ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் கூடி, அடித்துப்போட்ட பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்பையில் போன் வைக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவன்தான். நாள் முழுக்கக் கையைத் தூக்கி இறக்குகிறவனுக்கு மேல்பை என்பது ஓட்டைப் பை. காற்சட்டையின் பக்கவாட்டில் பட்டன் வைத்த பை இருக்கிறது, எப்போதும் அதற்குள்தான் போகும். இன்றைக்கு மட்டும் மேலே வைத்தான். தொடையில் அதிர்ந்தால் இந்த இரைச்சலில் தெரியாமல் போகலாம், நெஞ்சில் அதிர்ந்தால் தெரியும் என்று கணக்குப் போட்டிருந்தான். ஊரில் அவன் பெண்டாட்டிக்கு இன்று ஸ்கேன்.

அவளுக்கு வலது மணிக்கட்டில் ஒரு கட்டி. முதலில் பட்டாணி அளவு இருந்தது, நாவற்பழம் அளவுக்கு வந்துவிட்டது. வேறு யாருக்காவது வந்திருந்தால் மணிக்கட்டில் ஒரு கட்டி, அவ்வளவுதான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது. கைதான் அவளுக்கு வாய். சைகை சொல்லித் தரும் பள்ளி எதற்கும் போனதில்லை. அவளும் அவனுமாக இத்தனை வருடத்தில் கூட்டிச் சேர்த்த பாஷை அது. அதில் பாதி அவன் கிரேனுக்குக் காட்டும் சைகை. மெல்ல என்பதற்கு ஒரு கைக்கு மேல் மற்றொரு கையை அசையாமல் பிடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில், தண்ணீர்க் குடத்தை அவள் தடாலென்று இறக்கியபோது பழக்கதோஷத்தில் அதைக் காட்டிவிட்டான். அவள் புரிந்துகொண்டு அங்குலம் அங்குலமாகக் குடத்தை இறக்கினாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்ற பாதி அவள் கொண்டுவந்தது. அவள் தம்பி பெண்டாட்டிக்கு அவள் வைத்திருக்கும் பெயர், வாத்தின் அலகுபோல் விடாமல் திறந்து மூடும் ஒரு கை.

கட்டி நரம்பில் ஒட்டியிருந்தால் வெட்டித்தான் எடுக்கணும், வெட்டினால் விரல் பழையபடி மடங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று ஸ்கேன், நாளை பிற்பகல் முடிவு. மூன்று விரல் மடங்காமல் போனால் எத்தனை சொல் போகும் என்று படுக்கையில் கிடந்து எண்ணிப் பார்த்திருக்கிறான். அவன் பெயரே போய்விடும். ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைப்பதுதான் அவன் பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் நொறுங்கிய போனைக் கம்பிக்காரர் ஒரு சிமெண்டுச் சாக்கின் மேல் வைத்துக் கொண்டுவந்தார்.

"உசுரு இல்ல. அடக்கம் பண்ணிரு" என்றார்.

"வேற ஒண்ணு வாங்கணும்" என்றான் சிக்னல்காரன்.

அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் டப்பாவை மூடிவிட்டு எல்லோரும் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். போன் என்றால் போதும், சைட்டில் ஊமையும் பேசுவான் என்று கிரேன்காரர் ஒரு தடவை சொல்லிவிட்டு, இவன் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் இருப்பது பட்டன் போன்.

வெல்டர்தான் தொடங்கினான். சந்தைக்கு வராத மாடலின் வண்டவாளமும் அவனுக்குத் தெரியும். வேலை முடிந்து கை கழுவியதும் போன் விமர்சன வீடியோக்களில் தலையைக் கொடுத்தால் சாப்பாட்டுக்குத்தான் நிமிருவான். அவன் போனின் திரை மட்டும் வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அம்மை போட்ட முகம்போல் இருந்தது.

"ஒரு கம்பெனி வருஷத்துக்கு மூணு விடுவான் அண்ணே. ஒரே மூஞ்சி, ஒரே உடம்பு, பேருக்குப் பின்னாடி வால் மட்டும் வேற. வால் இல்லாதது நமக்கு. பிளஸ்னு வால் இருந்தா தவணை கட்டுறவனுக்கு. புரோன்னு இருந்தா மாமனார் வாங்கிக் குடுத்தது."

"பேட்டரியப் பாருப்பா. மத்ததெல்லாம் சும்மா" என்றார் கம்பிக்காரர். "பின்னாடி நாலு கண்ணு வச்சிருக்கான். ஒண்ணுதான் பாக்குது. மிச்சம் சட்டைக்குப் பட்டன் தச்ச மாதிரி."

பெயிண்டர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அவசரப்படாத சிக்னலு. ஆறு மாசம் பொறு. அடுத்த மாடல் வந்தா இது பாதி வெலைக்கு வரும்" என்றான்.

"போன வருசமும் இதையேதான் சொன்ன. இன்னும் பொறுத்துகிட்டுதான் இருக்க" என்றார் கம்பிக்காரர்.

சிரிப்பு அடங்கியதும் சிக்னல்காரன் கேட்டான். "முன்னாடி இருக்கிற கேமரா எவ்வளவு அகலத்துக்குப் பிடிக்கும்?"

"முன்னாடியா? செல்ஃபியா எடுக்கப் போற? இந்த மூஞ்சிக்கா அண்ணே?"

கம்பிக்காரர் வெல்டரை ஒரு பார்வை பார்த்தார். வெல்டருக்கு அப்புறம்தான் உறைத்தது. "சாயங்காலம் நானும் வர்றேன் அண்ணே. கடைக்காரன் தலையில மொளகா அரைச்சிருவான்" என்று பம்மினான்.

அன்று மாலை கடைக்குப் போக முடியவில்லை. கான்கிரீட் வண்டி தாமதமாக வந்து வேலையை இழுத்துவிட்டது. ஆட்கள் தங்கும் ஷெட்டில் கம்பிக்காரரின் போனை வாங்கி ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டான். அவள் முகம் வந்தது. இவன் முதுகுக்குப் பின்னால் பாய் விரிக்கிறவன், தலை துவட்டுகிறவன் என்று ஏழெட்டுத் தலைகள், வேறெதுவும் தெரியாதபடி அடைத்துக்கொண்டு. அவள் அவற்றைப் பார்த்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினாள். ஒரு சொல் பேசவில்லை. பக்கத்திலிருந்து தங்கச்சி, அதாவது அவள் தம்பி பெண்டாட்டி, குரல் கொடுத்தாள். "ஸ்கேன் எடுத்தாச்சுண்ணா. ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லபடியா இருக்கு."

தங்கச்சி தங்கமானவள். ஆனால் அவள் வாயிலிருந்து கெட்ட சேதி வராது. மாமனார் செத்து ஐஸ் பெட்டியில் கிடந்தபோதுகூட, "மாமாவுக்குக் கொஞ்சம் முடியல, எதுக்கும் வந்துட்டுப் போங்கண்ணா" என்றுதான் சொன்னாள். அவள் 'நல்லபடியா இருக்கு' என்றால் அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. பெண்டாட்டியின் கை சொல்ல வேண்டும்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இறங்கினான். வெல்டரும் கூடவே வந்தான். கடையில் வரிசையாகப் போன்கள் கம்பியால் கட்டப்பட்டுக் கிடந்தன. விற்கும் பெண் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சார், இதுல பின்னாடி நூத்தியெட்டு மெகாபிக்சல். நிலாவையே எடுக்கலாம்."

"நிலா வேணாம்மா. முன்னாடி?"

"முன்னாடியும் நல்லாத்தான் சார் இருக்கும்."

அவன் அந்தப் போனை ஒரு பெட்டியின் மேல் சாய்த்து நிறுத்தி, முன்கேமராவை வீடியோ எடுக்க விட்டு, இரண்டு அடி பின்னால் போய் நின்றான். கையை உயர்த்தி விரலைச் சுற்றினான். இறக்கினான். இரண்டு கையாலும் மெல்ல காட்டினான். கையை நீட்டி நிறுத்து காட்டியபோது, அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த கடை ஆள் சடாரென்று நின்றுவிட்டான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓடவிட்டுப் பார்த்தால் கை போன இடமெல்லாம் புகைபோல் ஒரு வால் இழுத்தது. வேண்டாம். அடுத்ததில் வால் இல்லை, ஆனால் முழங்கையோடு படம் முடிந்துவிட்டது, விரலெல்லாம் சட்டகத்துக்கு வெளியே. புரோவில் எல்லாம் சரி. கை தெரிந்தது, ரேகைகூடத் தெரிந்தது. விலையைக் கேட்டான்.

"அந்த வெலைக்கு மாசாமாசம் ஊருக்கே போய் நேர்ல பேசிட்டு வந்துரலாம்மா."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். வெட்கப்படுகிறவள் மாதிரி, "போன வருஷத்துது ஒண்ணு இருக்கு சார். கேக்க ஆளில்லாம கெடக்கு. நெறைய பேர் சேர்ந்து நின்னு போட்டோ எடுக்கிறதுக்குன்னு முன்னாடி கேமராவ அகலமா வச்சாங்க" என்று கீழ்த்தட்டிலிருந்து எடுத்தாள்.

"அய்யோ, அது வேணாம் அண்ணே" என்றான் வெல்டர். "வெளுத்து வாங்கிட்டானுங்க அத. செங்கல்லு கனம். கேம் ஆடுனா அடுப்பு மாதிரி சுடும். பின்கேமரா படுமோசம்."

சிக்னல்காரன் அதையும் சாய்த்து நிறுத்திக் கையை விரித்தான். இந்தக் கை நுனியிலிருந்து அந்தக் கை நுனிவரை உள்ளே அடங்கியது. சட்டென்று ஆட்டினான், வாலும் இழுக்கவில்லை. "இதப் போடும்மா" என்றான்.

உலகம் ஒதுக்கிய மாடலை அண்ணன் வாங்கியதில் வெல்டருக்கு மனசு ஆறவில்லை. இருக்கிற வசதியை எல்லாம் இயக்கிக் கொடுத்தாவது அதை மனுஷப்போன் ஆக்கிவிடுகிறேன் என்று, பஸ்ஸில் வரும்போதே வாங்கி நோண்டிக்கொண்டு வந்தான்.

ஷெட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்திருந்தது. மற்றவர்கள் குழாயடியில் இருந்தார்கள். வழக்கமாக அவன் மூலையில் இருக்கும் ஒரே ஒரு வெள்ளையடித்த சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவான். தகரமும் இரண்டடுக்கு இரும்புக் கட்டிலும் கொடியில் தொங்கும் கோவணமும் ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம். பழைய போனில் படம் அடிக்கடி உறைந்து நிற்கும். சில சமயம், பதில் சொல்ல முடியாத கேள்வியாக அவள் கேட்டால், இவனே கண்ணிமைக்காமல் உறைந்ததுபோல் உட்கார்ந்துவிடுவான். பின்னால் வெறும் சுவர் என்பதால் அவளும் நம்பிவிடுவாள். இன்று அந்த மூலையில் எவனோ சிமெண்டு பூட்ஸைக் காயவைத்திருந்தான். "எங்க வேணா ஒக்காரு அண்ணே, பின்னாடி இருக்கிற குப்பை எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெல்டர் குளிக்கப் போனான்.

கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"அண்ணா, பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல. இந்தா, அவங்கள பாருங்க."

பெண்டாட்டியின் முகம் வந்தது. படம் அத்தனை தெளிவு. கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க் கோடுகூடத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் வீடு இல்லை, சுவர் இல்லை, பால்போல் ஒரு மங்கல். டாக்டர் என்ன சொன்னார் என்று கையால் கேட்டான். அவள் கையைத் தூக்கினாள். தோளைத் தாண்டியதும் அந்தக் கை கரைந்தது. ஆவிபோல் ஒரு அசைவு, இரண்டு நகம், அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடியும் தூக்கினாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

அவளுடைய முகத்தை மட்டும் வைத்துச் சேதி படிக்க அவன் என்றைக்குமே பழகவில்லை. அவள் முகம் எப்போதும் கைக்குப் பின்னால் ஓடிவரும் ஒன்று. இப்போது முகம் மட்டும் மிதந்தது. அழுதிருக்கிறாள். எதற்கு? இரு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தான். கிரேனுக்கு அப்படிக் காட்டினால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து என்று அர்த்தம். அவள் நிறுத்தவில்லை. திரைக்கு மிக அருகில் வந்து, புருவத்தைச் சுருக்கி, இவனிடம் எதையோ தேடினாள். தேடத் தேட அவள் முகமும் பயந்துபோனது.

போனைக் கட்டிலில் கவிழ்த்தான். ஊர் உலகம் வேண்டாம் என்று சொன்னதை வாங்கி வந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. போனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

"வெலைக்குத் தகுந்த போன்தான்டா குடுத்திருக்கான். மூஞ்சி மட்டும்தான் தெரியுது. கை வரமாட்டேங்குது."

தலை நிறையச் சோப்போடு வெல்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். போனை வாங்காமல் எட்டிப் பார்த்தான். ஒரு நொடியில் அவன் முகம் விழுந்துவிட்டது.

"போன்ல ஒண்ணுமில்ல அண்ணே. நான்தான். பின்னாடி மறைக்கிறத போட்டு விட்டேன். நாம எல்லாரும் போடுறதுதானே. எங்கம்மா நான் ஏசி ரூம்ல இருக்கேன்னு நெனைச்சுகிட்டிருக்கு." ஈரவிரலால் எதையோ தட்டினான். "மூஞ்சிய விட்டுத் தள்ளிப் போற எதையும் அது குப்பைன்னு நெனைச்சு மறைச்சிரும். கையையும்தான். உன் பக்கம் எடுத்துட்டேன். ஆனா அண்ணிய மறைக்கிறது இது இல்ல. அந்தப் பக்கமும் யாரோ போட்டிருக்காங்க."

குழாயடியிலிருந்து திரும்பி நடந்தபடியே மறுபடி கூப்பிட்டான். வெல்டர் துண்டைச் சுற்றிக்கொண்டு நுரை சொட்டச் சொட்டப் பின்னால் வந்தான்.

"தங்கச்சி, பின்னாடி மறைக்கிற மாதிரி ஏதாவது போட்டிருக்கியா?"

"ஆசுபத்திரியிலதான் இருக்கோம்ணா. கட்டிலு, பாட்டிலு எல்லாம் பாத்தா நீங்க பயந்துருவீங்கன்னு... உங்க மச்சானுக்கும் நான் அப்படித்தான் போடுவேன்."

"எடுத்துரு."

"ஒண்ணும் இல்லண்ணா, சும்மா ஊசிதான்..."

"நீ சொல்லாதம்மா. கட்டில் தெரியட்டும், பாட்டில் தெரியட்டும், என்ன எழவு இருக்கோ எல்லாம் தெரியட்டும். எனக்கு அவ கை தெரியணும்."

அவளுக்கு எடுக்கத் தெரியவில்லை. ஊரில் எவனோ போட மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். வெல்டர் கழுத்தை நீட்டி, "அக்கா, மேல மூணு புள்ளி இருக்கும், அதத் தொடுங்க. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. ஆங், அதுதான்" என்று சொல்லிக்கொடுத்தான். நுரை அவன் கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கவில்லை.

பால் மங்கல் ஒரே மூச்சில் விலகியது. பச்சைத் திரை, துரு ஏறிய கட்டில், கவிழ்ந்து தொங்கும் ஒரு பாட்டில், அடுத்த கட்டிலில் வாய் திறந்து தூங்கும் யாரோ ஒரு கிழவர். நடுவில் அவள். இரண்டு கை.

வலது மணிக்கட்டில் சின்னதாக ஒரு கட்டு. அவள் அந்தக் கையை முன்னால் நீட்டி, கட்டைவிரலை மடக்கினாள். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல். கடைக்குட்டிவரை ஒவ்வொன்றாக மடக்கி, ஒவ்வொன்றாக விரித்தாள். அப்புறம் கொட்டத் தொடங்கினாள். ஊசி குத்தினார். உறிஞ்சினார். பசை மாதிரி வந்தது, இவ்வளவு. கட்டி உட்கார்ந்துவிட்டது. கத்தியை மணிக்கட்டில் இழுப்பதுபோல் காட்டி, அந்தக் கத்தியைப் பிடித்துத் தோளுக்குப் பின்னால் வீசி எறிந்தாள். நரம்பில் ஒட்டவில்லை. மறுபடி வரலாம், வந்தால் அப்போது பார்க்கலாம். அழுதது ஊசி வலியில். ஊசி இத்தனை நீளம். வாத்து அலகு பக்கத்தில் நின்று அவளை விட அதிகமாக அழுதது. கடைசியில் ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்தாள். அவன் பெயர். நீ எங்கே போனாய், உன் கைக்கு என்ன ஆயிற்று, கையைக் காட்டு.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். இரண்டு நாளாக நெஞ்சுக்கூட்டில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்றை யாரோ கொக்கி மாட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். போனை எதிர்க் கட்டிலில் சாய்த்து நிறுத்திவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அவள் பத்து விரலும் இருக்கிறதா என்று திரையைத் தொட்டு எண்ணினாள்.

அப்புறம்தான் அவள் பார்வை அவனைத் தாண்டிப் போனது. அவனுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவனுக்குப் பின்னால் சுவர் இல்லை. இரண்டடுக்குக் கட்டில், பழுக்கக் காயும் தகரக் கூரை, கயிற்றில் ஈரத்துணி, துண்டோடு நுரையோடு நிற்கும் வெல்டர். வெல்டர் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

அவள் நிதானமாக, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கேயா தூங்குகிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்றான். பிறகு அவன் தலையணையைச் சுட்டிக்காட்டி, உறையைத் துவைத்து எத்தனை நாளாயிற்று என்று மூக்கைப் பிடித்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ராத்திரிக்குள்ள வீட்டுக்கு அனுப்பிருவாங்கண்ணா. நெசமாத்தான் சொல்றேன்" என்றது தங்கச்சியின் குரல்.

"இப்ப நம்புறேன்மா" என்றான்.

பெண்டாட்டி போனைத் தங்கச்சியிடமிருந்து வாங்கி மடியில் நிறுத்திக்கொண்டாள். இத்தனை அகலமாக, இத்தனை தெளிவாக அவன் தெரிவதை அவள் இப்போதுதான் கவனித்தாள். கண்ணை இடுக்கினாள். இது புதிது. கட்டுப்போட்ட கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தாள். எவ்வளவு?

சிக்னல்காரன் உறைந்தான். இமை தட்டவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. ஒரு கை பாதி தூக்கியபடி நின்றது, வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. பழைய போனில் எத்தனையோ தடவை தப்பித்த அதே நிலை.

அவள் முதலில் திரையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் கிட்டே வந்தாள். அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கத் தொடங்கின. அவன் முதுகுக்குப் பின்னால், சாயங்காலக் காற்றில், கொடியில் கிடந்த சட்டைகள் எல்லாம் கையை வீசி ஆடிக்கொண்டிருந்தன.